சைவச் சமையலில் புரதம் போதாதா? கோத்தகிரி வாசகிக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறேன். வயது 38, எடை 52 கிலோ. வீட்டில் நாலு பேர், எல்லாரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. காலையில் ரவை உப்புமா. மதியம் தோட்டத்துக்குத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும். சாயங்காலம் டீ, வர்க்கி. இரவு சோறு, சாம்பார், ஏதாவது ஒரு காய். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுவேன். மகளுக்கு 15 வயது, 45 கிலோ இருக்கிறாள், பள்ளியில் கபடி ஆடுகிறாள். புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். டப்பா 2,400 ரூபாய். மாமியாருக்கு 67 வயது, பல் இல்லை, ரசம் சோறு தவிர எதுவும் இறங்குவதில்லை. உட்கார்ந்தால் கை ஊன்றித்தான் எழுந்திருக்கிறார். குளிர்காலத்தில் மாவு பொங்குவதில்லை, கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் கல்லாட்டம் இருக்கிறது. கறி, முட்டை இல்லாமல் எங்களுக்குப் புரதம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. 2,400 ரூபாய் டப்பா இல்லாமலே கிடைக்கும். ஆனால் இப்போது நீங்கள் சமைக்கிற விதத்தில் கொஞ்சம் குறைகிறது. எங்கே குறைகிறது என்று பார்த்துவிட்டால் சரிசெய்வது சுலபம். அளவெல்லாம் எழுதியிருந்தீர்கள், அதனால் ஊகம் இல்லாமலே கணக்குப் போட முடிந்தது.

முதலில் உங்கள் கணக்கு. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து இலை பறிக்கிற உடம்பு, தினம் 250 கிராம் அரிசியாவது சாப்பிடுவீர்கள். அதில் 20 கிராம் புரதம். காலை ரவையில் ஆறரை கிராம் வரும். 100 கிராம் பருப்பை நாலாகப் பிரித்தால் உங்கள் பங்கு 25 கிராம், அதில் ஐந்தரை கிராம் புரதம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் சேர்த்து மூன்றரை. டீயில் விழுகிற பால் 100 மில்லி என்றால் மூன்று. வர்க்கியில் இரண்டு. கூட்டினால் நாற்பது கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 52 கிலோவுக்கு 43 கிராம் ஆகிறது.

அதாவது நீங்கள் பயந்த அளவுக்குப் பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாற்பதில் இருபத்தெட்டு கிராம் எங்கிருந்து வருகிறது பாருங்கள்: அரிசி, ரவை, வர்க்கியில் இருக்கிற மைதா. அமினோ அமிலங்கள் என்கிற சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்துதான் புரதம். தானியப் புரதத்தில் லைசின் என்கிற ஒரு அமினோ அமிலம் குறைவு. அது குறைந்தால் மற்ற அமினோ அமிலங்கள் இருந்தும் உடம்பு முழுதாகப் பயன்படுத்த முடியாது. பருப்பு, பயறு, கடலையில் லைசின் தாராளம். தானியத்தில் இருக்கிற மெத்தியோனின் என்கிற இன்னொரு அமினோ அமிலம் பருப்பில் குறைவு. அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று சரிக்கட்டும். வெண்பொங்கல், சாம்பார் சாதம், இட்லி, அடை எல்லாம் இந்தக் கூட்டணிதான். ஒரே வாயில் சேர்ந்து போக வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் சேர்ந்தால் போதும்.

அதனால் தானியமே பிரதானமாக இருக்கிற வீட்டுக்கு நான் சொல்லும் அளவு எடை கிலோவுக்கு ஒரு கிராம். உங்களுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பத்து கிராம் வேண்டும், அதுவும் அரிசியைக் கூட்டாமல். ஒரு கை கருப்புக் கொண்டைக்கடலையும் ஒரு டம்ளர் தயிரும் அந்தப் பத்தைக் கொடுத்துவிடும். உலர்ந்த கடலை 30 கிராமில் ஐந்தரை கிராம், 150 மில்லி தயிரில் ஏறக்குறைய ஐந்து கிராம்.

உங்கள் வீட்டில் உண்மையில் குறைவது பருப்பு. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பை நாலு பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்துப் பாருங்கள், ஆளுக்கு 8 கிராம்தான். நீங்கள் கடையிலும் வாங்கி அதை 25 கிராம் ஆக்கியிருக்கிறீர்கள், அது நல்ல விஷயம். அதை 50, 60 கிராமுக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான் என் முக்கியமான வேண்டுகோள். துவரம்பருப்பாகவே இருக்க வேண்டாம். பாசிப்பயறு, கொள்ளு, தட்டப்பயறு, மொச்சை, காய்ந்த பட்டாணி, பொட்டுக்கடலை எதுவானாலும் 100 கிராமில் 20 கிராமை ஒட்டித்தான் புரதம். எது மலிவோ அதை வாங்குங்கள். சாம்பார் கரண்டியில் எடுத்து ஊற்றினால் பருப்பு கண்ணில் தெரிய வேண்டும்.

இனி குளிர். சமவெளியில் இருப்பவர்கள் எழுதுகிற சமையல் குறிப்பை அப்படியே பின்பற்றிவிட்டுத் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும் பெண்களை நீலகிரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் குறையே இல்லை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கோத்தகிரியில் 94 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. பானை தளதளவென்று கொதித்தாலும் உள்ளே சூடு குறைவு, அதனால் பயறு வேகாது. குக்கருக்குள்ளும் மலையில் அழுத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். அதோடு ராத்திரி ஊறவைக்கிற தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் கடலை ஊறவே ஊறாது, தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும்.

இப்படிச் செய்யுங்கள். கடலையைக் கழுவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஹாட்பாக்ஸில் போட்டு மூடி வையுங்கள். காலையில் ஒரு கடலையை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகக் கட்டி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும், உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம் என்றால் தயார். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வையுங்கள், வாயுத் தொல்லையும் குறையும். விசிலை எண்ண வேண்டாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் தோல் இறுகிக்கொள்ளும். இத்தனைக்கும் வேகவில்லை என்றால் அது பழைய கடலை. கடையை மாற்றிப் பாருங்கள், மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் தயமின் என்கிற பி1 வைட்டமின் வீணாகும். அதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. காய்ந்த ராஜ்மா வகைகளை மட்டும் அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. அதில் இருக்கிற ஒரு நச்சுப் பொருள் நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அழியும். இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கொதிநிலை குறைந்த நம் மலையில் அதைத் திறந்த பாத்திரத்தில் வைத்துச் சோதனை பண்ண வேண்டாம், ஊறவைத்துக் குக்கரில்தான்.

மாவு பொங்கவில்லை என்கிறீர்கள். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்பது, வெந்நீர் நிறைத்த பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்வது வேறு. பொங்காத மாவோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அடை சுடுங்கள். அடைக்கு மாவு புளிக்கவே வேண்டாம். இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான், அடைக்கு அரிசியும் பருப்பும் சரிபாதி போடலாம். ஒரு ஆளுக்கு 40 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு என்றால் 12 கிராம் புரதம். உங்கள் உப்புமாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஒரு டம்ளர் இட்லி அரிசியை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் அரை டம்ளர் கடலைப்பருப்பு, மீதி அரை டம்ளருக்குத் துவரையும் பாசிப்பருப்பும், மேலே ஒரு பிடி உளுந்து. ராத்திரி பாத்திரம் கழுவுகிற நேரத்துக்குள் ஊறிவிடும். நாலைந்து வரமிளகாய், ஒரு துண்டு இஞ்சி, பெருங்காயம், உப்பு வைத்து ரவை பதத்துக்கு அரைத்து மூடி வையுங்கள். டிசம்பர் குளிரில் ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம். காலையில் வெங்காயமும் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸும் கலந்து, கனமாக ஊற்றி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டுச் சுட்டு எடுங்கள். கீழே எல்லாரும் முருங்கைக்கீரை போடச் சொல்வார்கள். அந்த மரம் நம் குளிருக்குச் சரியாக வருவதில்லை, முட்டைக்கோஸ் போதும். வாரத்தில் மூன்று நாள் இது இருந்தால் உங்கள் காலைச் சாப்பாட்டைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

மதியத்துக்குத் தக்காளி சாதத்தையே தொடருங்கள், அதில் மீல்மேக்கர் சேருங்கள். சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது அது. உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், ஆளுக்கு 20 கிராம் போட்டாலே பத்து கிராம் வந்துவிடும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இறுக்கிப் பிழிந்துவிட்டுத் தாளிப்பில் சேர்த்தால் வாடையும் போய்விடும். வாரம் இரண்டு நாள் இப்படி. மற்ற நாள்களில் உருளைக்கிழங்குக்குப் பதிலாக ஒரு சின்ன டப்பாவில் சுண்டல். பச்சைப் பட்டாணி மலிவாக வருகிற சீசனில் அதை விடாதீர்கள், உரித்த பட்டாணி 100 கிராமில் ஏழு கிராம் புரதம். படுகர் வீடுகளில் அவரையும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்துக் களியோடு சாப்பிடுவார்கள். மலைக்கு ஏற்ற சாப்பாடு அது. பக்கத்து வீட்டில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

ராகியைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. 2023இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை முதலில் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் ரேஷன் கடைகளில் தொடங்கினார்கள். கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை. ஆனால் புரதம் அதில் ஏழு சதவீதம்தான், அரிசியைவிடக்கூடக் கொஞ்சம் குறைவு. களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. காளானும் அப்படித்தான். ‘காளானில் கறிக்குச் சமமான புரதம்’ என்று சொல்லி விற்கிறார்கள். பச்சைக் காளான் 100 கிராமில் மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். ருசிக்கு வாங்குங்கள், புரதத்துக்காகக் காசைச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இந்த வீட்டில் புரதம் மிகவும் குறைவாகப் போவது அவருக்குத்தான், அதிகம் தேவைப்படுவதும் அவருக்குத்தான். வயதானால் தசை தானாகவே கரையும். அதைத் தடுக்க எடை கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். கை ஊன்றி எழுந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, தொடைத் தசை வற்றுவதற்கு அது ஓர் அடையாளம். ரசம் சோற்றில் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரிசிப் புரதம் மட்டுமே.

மெல்ல முடியாதவருக்குச் சுண்டல் கொடுத்து என்ன பயன்? அவருக்குப் பொட்டுக்கடலைதான் கை கொடுக்கும். வறுத்து வருகிற கடலை, வேகவைக்க வேண்டியதே இல்லை, குளிர் அதை ஒன்றும் செய்யாது. மிக்ஸியில் நைசாகப் பொடித்துப் பாட்டிலில் வையுங்கள். ரசம் சோறு பிசைந்ததும் இரண்டு மேசைக்கரண்டி தூவிக் கலந்தால் நாலு கிராம் சேர்ந்துவிடும். ரசத்தையும் வெறும் புளித்தண்ணீராக வைக்காமல், வெந்த துவரம்பருப்பை நன்றாகக் கடைந்து பருப்பு ரசமாகக் கெட்டியாக வையுங்கள். காலையில் அரிசியும் பாசிப்பருப்பும் சமமாகப் போட்டுக் குழையக் காய்ச்சிய கஞ்சி, மதியம் கெட்டித் தயிர் சேர்த்த சோறு, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். தயிரும் குளிரில் உறையாது, பாலை வெதுவெதுப்பாக உறைகுத்தி அதே ஹாட்பாக்ஸில் வையுங்கள். ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்தால் அவருக்கு இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை கொடுங்கள். சாப்பாடு மட்டும் தசையைக் கட்டிவிடாது. ஆடாத ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, காலையும் மாலையும் ஐந்தாறு முறை மெதுவாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள்.

நிலக்கடலைப் பொடியும் அவருக்கு நல்லதுதான். ஆனால் மூடுபனியில் கடலை சீக்கிரம் பூசணம் பிடிக்கும். நிறம் மாறிய, கசக்கிற, பூசண வாடை அடிக்கிற கடலையைப் பொறுக்கிவிட்டு மீதியை வறுக்கலாம் என்று நினைக்காதீர்கள், மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

மகளுக்கு வருகிறேன். அவள் வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 43 கிராம் புரதம் என்று கணக்கு, கபடி ஆடுகிறாள் என்பதால் 50 என்றே வையுங்கள். அடை, மீல்மேக்கர் சாதம், சாயங்காலம் வர்க்கிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு கடலை உருண்டையோ, ஒரு டம்ளர் பால். 50 தாராளமாக வந்துவிடும். அவள் காலையில் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறாளா என்று மட்டும் பாருங்கள். அந்த வயதில் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை. இரண்டு அடையைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பவுடர் வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலும் உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் அந்த 2,400 ரூபாய்க்கு 24 கிலோ வாங்கலாம், அதில் நாலரை கிலோ புரதம் இருக்கிறது. அந்த டப்பா ஒரு கிலோ என்றால் உள்ளே இருப்பது முக்கால் கிலோவோ கொஞ்சம் கூடவோதான். வளர்கிற பெண்ணுக்கு இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் சேர்ந்தே வேண்டும், அதைக் கடலை கொடுக்கும். பாலில் கலக்கிக் குடிக்கிற மால்ட் பானங்களும் வேண்டாம். அவற்றில் மாவும் சர்க்கரையும்தான் அதிகம், ஒரு தடவைக்குப் போடுகிற அளவில் புரதம் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் போகாது. பாலில் இருக்கிற புரதமே அதைவிடக் கூடுதல்.

செலவு? வீட்டுக்கு இப்போது மாதம் மூன்று கிலோ பருப்பு ஆகிறது. நான் சொன்னபடி செய்தால் பருப்பு, பயறு, கடலை எல்லாம் சேர்த்து ஆறிலிருந்து ஏழு கிலோ ஆகும். ரகத்தைப் பார்த்து வாங்கினால் நானூறு ரூபாய்ப் பக்கம் கூடும், அரிசியில் கொஞ்சம் குறையும். அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாது என்றால் இருக்கிற பாலை டீயில் பிரித்துவிடாமல் முதலில் மாமியாருக்கும் மகளுக்கும் கொடுங்கள். பருப்பை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள்.

டீயைக் குடிக்காதீர்கள் என்று தேயிலைத் தோட்டத்தில் இருப்பவரிடம் சொல்ல மாட்டேன். சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம். பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை டீயில் உள்ள டானின் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பி12 வைட்டமின் பருப்பிலோ காயிலோ கிடையாது. சைவ வீட்டில் அது பால், தயிரிலிருந்துதான் வர வேண்டும், உங்கள் வீட்டில் பால் டீக்கு மட்டும்தான். கை கால் மரத்துப்போவது, குத்துவது, நாக்குப் புண், காரணமில்லாத அசதி இவற்றில் ஏதாவது யாருக்காவது இருந்தால் புரதக் குறை என்று நினைத்து நாளைக் கடத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லி பி12-ஐயும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். வயதானவர்களுக்குச் சாப்பிட்டாலும் பி12 சரியாகச் சேராது, அதனால் மாமியாருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அவருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அதே ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவருக்குப் புரதத்தை நாமாகக் கூட்டக் கூடாது, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிரியேட்டினின் சரியாக இருந்தால் அன்றைக்கே பொட்டுக்கடலைப் பொடியைத் தொடங்கிவிடுங்கள். மாதம் ஒரு தடவை அவர் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து அந்த எடைகளோடு எனக்கு எழுதுங்கள். நடுவில் எடை இறங்கிக்கொண்டே போனால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.